நாற்காலியை விடாதவர் யார்?

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள பாப்புவா நியூ கினியின் மைக்கேல் சோமாரேயைத் தேசத் தந்தை என்கிறார்கள். அவர் பதவியை விட மறுத்ததால் 2011இல் அந்நாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர்கள் இருந்தார்களாமே?

பதில்: இருந்தார்கள். ஆனால் பழியை அவர்மீது மட்டும் போடுவது சரியன்று.

1936இல் ரபாவுலில் காவல்துறை ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்த சோமாரே, போர்க்காலத்தில் ஜப்பானியர் நடத்திய பள்ளியில் எழுத்தறிந்து, ஆசிரியராகவும் வானொலிச் செய்தியாளராகவும் இருந்துவிட்டு, 1968இல் பாங்கு கட்சியின் சார்பில் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1972இல் முதலமைச்சரானார், 1975 செப்டம்பர் 16 அன்று ஆஸ்திரேலிய ஆட்சி விலகியபோது முதல் பிரதமரானார்.

எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்த நாட்டுக்கு அவர் செய்த பேருதவியாக நான் கருதுவது 1980இல் நடந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றதும், ஆட்சியை ஜூலியஸ் சானிடம் ஒப்படைத்துவிட்டு எதிர்வரிசையில் போய் அமர்ந்தார். விடுதலை வாங்கித் தந்த தலைவர்களில் எத்தனை பேர் அப்படி எழுந்து போனார்கள்? 1982 தேர்தலில் மீண்டும் வென்றார். 1985இல், முன்பு தமக்குத் துணைப் பிரதமராக இருந்த பையாஸ் விங்டியிடம் அதே வழியில் தோற்று, மறுபடியும் இறங்கினார். அடுத்த வாய்ப்பு 2002இல்தான் வந்தது.

2005இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் சோதனைக்காக அவருடைய காலணியைக் கழற்றச் சொன்னதற்கு, தம் நாட்டுத் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் ஆர்ப்பாட்டமே நடந்தது. அவருடைய செல்வாக்கு அத்தகையது.

2011இல் அவர் சிங்கப்பூரில் இதய அறுவைச் சிகிச்சை பெற்று மாதக்கணக்கில் தங்கியிருந்தபோது, நாடாளுமன்றம் பிரதமர் பதவி காலியாகிவிட்டதென அறிவித்து, ஆகஸ்ட் 2 அன்று பீட்டர் ஓ'நீலைத் தேர்ந்தெடுத்தது. அது செல்லாது, சோமாரேயே பிரதமர் என்று டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் ஓ'நீல் இடம்விடவில்லை. காவல்துறைக்குக்கூட இரண்டு தலைவர்கள் இருந்த கூத்து அப்போதுதான் நடந்தது. சட்டப்படி பார்த்தால், நாற்காலியை விடாதவர் ஓ'நீல்தான். எனினும், 75 வயதில், உடல்நலம் குன்றிய நிலையில், தாமே முன்வந்து பொறுப்பை முறையாகக் கைமாற்றாதது சோமாரேயின் குறை என்பதை மறுக்க முடியாது.

2012 தேர்தலுக்குப் பிறகு அவர் அதே ஓ'நீல் பிரதமராக ஆதரவு தந்தார். 2017இல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்று, 2021 பிப்ரவரியில் காலமானார்.