சொட்டும் குழாயும் கசியும் ஃபிளஷ் டேங்க்கும்

கேள்வி: சமையலறைக் குழாயை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிறது. குழாயையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள். பல சுற்று திருகி மூடும் குழாய் என்றால், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். இறுக்க இறுக்க அது இன்னும் நசுங்கும்.

அந்தக் குழாய்க்கு வரும் வால்வை மூடிவிட்டு, மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். சிங்க் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிட்டுத்தான் நான் திருகைத் தொடுவேன். சின்னத் திருகுகள் நேராக அங்கேதான் போகும். கைப்பிடியைக் கழற்றி, ஸ்பேனரால் தண்டை வெளியே எடுத்தால் நுனியில் வாஷர் தெரியும். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள், அளவு கொஞ்சம் மாறினாலும் பயனில்லை. அப்புறம், வாஷர் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று பள்ளம் இருந்தால் புது வாஷரும் சீக்கிரம் கிழியும். அதைத் தேய்த்துச் சமன்செய்ய பிளம்பரைக் கூப்பிடுவதே நல்லது.

கால் சுற்றில் திறக்கும் குழாயில் வாஷர் இருக்காது. உள்ளிருந்து தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் என்ற பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும்.

கேள்வி: ஃபிளஷ் டேங்க் கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டேங்க் நீரில் சில சொட்டு உணவு நிறமி கலந்து, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கழிப்பறைப் பேசினில் நிறம் தெரிந்தால், டேங்க்கின் அடியில் தண்ணீரை அடைத்து நிற்கும் ரப்பர் கசிகிறது. அதைத் துடைத்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் மாற்றிவிடுங்கள்.