வரைகிற பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

விருதுநகரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ. கணக்கென்றால் கசப்பு, குழந்தைகளின் படக்கதைப் புத்தகங்களுக்கு ஓவியம் வரைய ஆசை. "மூன்று மாதமாக எதுவுமே தோணலை என்று நோட்டை மூடி வைத்துவிட்டாள். இதுதான் சாக்கென்று அவள் பெரியப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார். நகையை அடகு வைக்கலாமா?"

உங்கள் பதற்றம் புரிகிறது, அம்மா. ஆனால் நகை பீரோவிலேயே இருக்கட்டும். கணக்குப் பிடிக்காத பிள்ளையை லட்சக்கணக்கில் கொட்டிச் சேர்த்தால் அரியர்தான் மிஞ்சும். பெரியப்பா நல்லவராகவே இருக்கலாம். வட்டி கட்டப்போவது நீங்கள்.

மூன்று மாதம் ஒன்றும் தோன்றாததால் கற்பனை வற்றிவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். இந்த வயதில் பலர் போனில் பார்க்கும் படங்களைப் பார்த்தே வரைகிறார்கள். எல்லா முகத்துக்கும் அதே பெரிய கண், அதே கூர்மூக்கு. சரக்கு சீக்கிரம் தீரத்தான் செய்யும். மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாம் (2018இல் பத்மஸ்ரீ பெற்றவர்) லண்டன் போய்வந்து வரைந்த படங்களை அவளுக்குக் காட்டுங்கள். நேரம் சொல்லும் பிக் பென் அவருக்குச் சேவலாகத் தெரிந்தது. சுரங்க ரயில் மண்புழுவானது. தன் ஊர்க் கண்ணை அவர் கழற்றி வைக்கவில்லை. அந்தப் படங்களைப் புத்தகமாக வெளியிட்டது சென்னையில் இருக்கும் தாரா புக்ஸ் பதிப்பகம்.

உங்கள் மகளும் போனை வைத்துவிட்டு ஒரு சின்ன நோட்டோடு வெளியே உட்காரட்டும். போஸ்டரைத் தின்னும் ஆடு, காலை நீட்டி முருங்கைக்கீரை ஆயும் பாட்டி, ரேஷன் கடை வரிசையில் அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும் குழந்தை. முகம் அழகாக வரவேண்டியதில்லை, உட்காரும் விதம் வந்தால் போதும். ஒரே ஆட்டை இருபது விதமாக வரையச் சொல்லுங்கள். பத்தாவதுக்குமேல் அது அவளுடைய ஆடாக மாறும்.

அப்புறம் கதை. குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு, இலவசமாகக் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து, அதிலுள்ள படங்களைப் பார்க்காமல், அவளே பக்கம் பிரிக்கட்டும். தாளை மடித்து அச்சடிப்பதால் படப்புத்தகம் பெரும்பாலும் 16, 24, 32 பக்கம் என்றுதான் வரும். ஒரு சார்ட் பேப்பரில் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போட்டு முழுப் புத்தகத்தையும் கிறுக்கிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் குழந்தை ஆவலோடு பக்கத்தைப் புரட்டும்? முகம் நடுமடிப்பில் விழுந்து நசுங்குகிறதா? வார்த்தை 'அழுதான்' என்கிறது; படமும் அதையே திரும்பச் சொல்ல வேண்டுமா, அல்லது மேசைக்கடியில் மிட்டாயோடு சிரிக்கும் தங்கையைக் காட்டலாமா? இந்தக் கேள்விகளோடு உட்கார்ந்தால் 'தோணலை' என்ற பேச்சு தானாக ஓடிவிடும்.

படிப்புக்கு, 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியைப் பாருங்கள். நான்கு வருட பி.எஃப்.ஏ. (கவின்கலைப் பட்டம்); அதில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன், அதாவது படத்தால் செய்தி சொல்லும் வடிவமைப்புப் பிரிவு இவளுக்குப் பொருந்தும். அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். சேர்க்கைக்கு வரைந்து காட்டும் தேர்வு உண்டு. அந்தச் சின்ன நோட்டுதான் அதற்குப் பயிற்சி. "நூறு சதவீதம் வேலை" என்று லட்சங்களில் வாங்கும் தனியார் அனிமேஷன் வகுப்புகளுக்கும் நகை வேண்டாம். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

வருமானம் பற்றி நேராகவே சொல்கிறேன். முதல் சில வருடங்கள் படப்புத்தகத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அட்டை வடிவமைப்பு, பாடநூல் படம், விளம்பர வேலை எல்லாம் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். விஷுவல் கம்யூனிகேஷன் படித்திருந்தால் அவையும் கைக்கு வரும். ஒப்பந்தம் வந்தால் ஒரே தடவை மொத்தத் தொகையா, விற்பனையில் பங்கு தரும் ராயல்டியா, மூல ஓவியம் யாருக்கு என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

பெரியப்பாவிடம் நீங்கள் பேச வேண்டாம், அவள் அப்பா பேசட்டும். அட்வான்ஸ் கட்டச் சொல்லும் கல்லூரியில் நான்கு வருட மொத்தச் செலவை, விடுதியும் சேர்த்து, எழுதி வாங்கிவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.