ஐ ஃபீல் லவ் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எழுபதுகளின் மேற்கத்தியப் பாடல்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' பாடலை மிக உயர்த்தி எழுதியிருந்தீர்கள். தேடிப் பிடித்துக் கேட்டேன். மனம் ஒட்டவில்லை. ஆறு நிமிடமும் ஒரே தாளம், ஒரே ஓட்டம். சொற்களும் நாலைந்து வரிக்கு மேல் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் என் நண்பர், "அதில் குரல் மட்டும்தான் மனுஷருடையது, மற்றதெல்லாம் மெஷின் வாசித்தது" என்கிறார். நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காது எனக்கு. வாசிப்பவரின் மூச்சும் கையும் தெரியாத ஒன்றை இசை என்று ஏற்க முடியவில்லை. டிஸ்கோ என்பதே ஆட்டத்துக்காகத் தயாரித்த சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். வரலாற்று முக்கியத்துவத்துக்காகச் சேர்த்தீர்களா? அந்தப் பாட்டின் கதைதான் என்ன?

ரகு
கும்பகோணம்

அன்புள்ள ரகு,

வரலாற்றுக்காகச் சேர்க்கவில்லை. என்னை மிகவும் ஆட்கொண்ட பாட்டு என்பதால் சேர்த்தேன். உங்கள் நண்பர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் அவர் விட்டுவிட்ட ஒரு சிறு பகுதி இருக்கிறது. கதையைச் சொன்னால் அது தானே வந்துவிடும்.

1977. ஜெர்மனியின் மியூனிக் நகரில், அராபெல்லா என்ற உயரமான கட்டடத்தின் அடித்தளத்தில் மியூசிக்லேண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடம். அங்கே வேலை செய்தவர்கள் வடக்கு இத்தாலியின் மலைப்பகுதியிலிருந்து வந்த ஜார்ஜியோ மொரோடரும், ஆங்கிலேயரான பீட் பெலோட்டேயும். பாடகி டோனா அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த கறுப்பினப் பெண். சிறுமியாக தேவாலயத்தில் பாடியவர், 1968இல் 'ஹேர்' இசை நாடகத்தின் ஜெர்மன் வடிவத்தில் நடிக்க மியூனிக் வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1975இல் இந்த மூவரும் சேர்ந்து செய்த 'லவ் டு லவ் யூ பேபி' அவருக்குப் பெரும் பெயரைக் கொடுத்தது. முனகல்கள் நிறைந்த அந்தப் பாட்டால் ஒரு சங்கடமான அடையாளமும் வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்து ஓர் ஆல்பத்துக்குத் திட்டமிட்டார்கள். நாற்பதுகளில் ஆட்டத்துக்கு வாசித்த ஸ்விங் என்ற ஜாஸ் வகையில் தொடங்கி, பாட்டுக்குப் பாட்டு காலத்தில் முன்னேறி வர வேண்டும். 'ஐ ரிமெம்பர் எஸ்டர்டே' என்று பெயர். கடைசிப் பாட்டு எதிர்காலத்தினுடையதாக இருக்க வேண்டும். எதிர்காலம் எப்படி ஒலிக்கும்? முழுக்க மின்னணுக் கருவியால் செய்வது என்று மொரோடர் முடிவெடுத்தார்.

அந்தக் கருவி மூக் சிந்தசைசர், மின்சாரத்தாலேயே ஒலியை உண்டாக்குவது. பெயரைக் கேட்டதும் இன்றைய கீபோர்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். அலமாரி போன்ற பெட்டிகள், முகப்பெங்கும் திருகுகள், ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்குச் செருகிய ஒயர்கள். எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளருக்குச் சொந்தமான கருவி அது. இயக்கத் தெரிந்த ராபி வெடல் கூடவே வந்தார். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் அதில் வரும். செய்து வைத்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக 16 தட நாடாவில் ஏற்ற வேண்டியிருந்தது. அடுக்குகள் தாளம் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டுமே? அதற்கு வழி கண்டவர் வெடல். நாடாவின் ஒரு தடத்தை வெறும் துடிப்புக்கென்று ஒதுக்கிவிட்டு, அடுத்தடுத்து ஏறும் ஒலியெல்லாம் அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டே ஓடும்படி செய்தார். கூட இருந்தவர்களே அசந்துபோனார்களாம்.

இன்னொரு தொல்லை சுருதி. கருவி சூடேறச் சூடேற சுருதி நழுவும். அரை நிமிடம்கூட நம்பி ஓட விட முடியாது. கச்சேரி நடுவில் பாடகர் கை நீட்டித் தம்புராவின் பிரடையைத் திருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே பாட்டின் நீளம் முழுக்கச் செய்ய வேண்டியிருந்தது. கொஞ்சம் பதிவு, நிறுத்து, சுருதி சேர், மறுபடி கொஞ்சம் பதிவு. நீங்கள் "ஒரே ஓட்டம்" என்று கேட்டது அப்படித் துண்டு துண்டாகச் சேர்த்த ஓட்டம். மெஷின் தானாக ஓடியிருந்தால் அந்த ஒழுங்கு வந்திருக்காது. மனிதர்கள் விடாமல் இழுத்துப் பிடித்ததால் வந்தது.

இனி உங்கள் நண்பர் விட்டுவிட்ட பகுதி. மத்தளத்தின் தொப்பி போல அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கிறதே, அந்தக் கிக் டிரம். மற்றத் தாள ஒலிகளை மூக் கருவியின் இரைச்சலை வடிகட்டியே உண்டாக்கினார்கள். கிக் டிரம்மின் அந்தக் குத்து மட்டும் கருவியில் சரியாக வரவில்லை. கீத் ஃபோர்சி என்ற டிரம்மரை உட்கார வைத்தார்கள். கொஞ்சமும் ஊசலாடாமல், எந்த அலங்காரமும் செய்யாமல், மெஷினோடு மெஷினாக அவர் காலால் மிதித்தார். அந்தப் பாட்டில் மிக யந்திரத்தனமாக நமக்குக் கேட்பது ஒரு மனிதனின் கால். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் தன் வித்தை எதையும் காட்டாமல் அத்தனை நேரம் அடங்கி இருப்பது எவ்வளவு கடினம் என்று தவில் கேட்டு வளர்ந்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சொற்கள் குறைவு என்கிறீர்கள். அதற்கும் ஒரு கதை உண்டு, பெலோட்டே சொன்னது. வரிகளைச் சேர்ந்து எழுத டோனாவின் வீட்டுக்கு அவர் போயிருக்கிறார். டோனாவோ நியூயார்க்கிலுள்ள ஒரு ஜோசியரோடு போனில். பழைய காதலா புதிய காதலா என்று தீர்மானிக்க வேண்டிய நேரம் அது. மணிக்கணக்கில் பேச்சு நீண்டதால் பெலோட்டே கீழே உட்கார்ந்து தானே வரிகளை முடித்துவிட்டார். பிறகு டோனா போய்ப் பாடினார். அந்த மனநிலையில் இருந்தவருக்கு நீளமான வர்ணனை எதற்கு?

குரலைக் கவனியுங்கள். தேவாலயத்தில் பழகிய, அரங்கையே நிறைக்கக்கூடிய கனத்த குரல் அவருடையது. மறு ஆண்டு வந்த 'லாஸ்ட் டான்ஸ்' பாட்டில் அதை முழுசாகக் கேட்கலாம். இங்கே அதை ஒளித்து வைத்துவிட்டு, மேல் ஸ்தாயியில், எடையே இல்லாமல் பாடுகிறார். கீழே ஓடுவது நிற்கவே நிற்காது என்பதால் குரலுக்கு அவசரம் இல்லை. ஒரு சொல்லை நீட்டிக்கொண்டே போகலாம். மூச்சைத் தேடினீர்கள் அல்லவா, அது இங்கேதான் இருக்கிறது.

வெளியான கதை வழக்கமானதுதான். முதலில் வேறொரு மெல்லிய பாட்டு முன்பக்கமும் இது பின்பக்கமுமாக இசைத்தட்டு வந்தது. டிஸ்கோ என்ற ஆட்டக் கூடங்களில் இசைத்தட்டு போடும் டிஜேக்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். நிறுவனமும் பிறகு இதையே முன்பக்கமாக்கியது. அந்தக் கோடையில் பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம், அமெரிக்காவில் ஆறாம் இடம். பெர்லினில் வேலை செய்துகொண்டிருந்த ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவியிடம், அவரோடு சேர்ந்து வேலை செய்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ இந்தத் தட்டோடு ஓடிவந்து, எதிர்காலத்தின் ஒலியைக் கேட்டுவிட்டேன் என்றாராம்.

"ஆட்டத்துக்காகத் தயாரித்த சரக்கு" என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஆடுவதற்குச் செய்தது என்பதால் ஒன்று மட்டமாகிவிடாது. நியூயார்க்கின் டிஸ்கோக்களை வளர்த்தவர்கள் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும் தன்பால் ஈர்ப்பினரும். வெளியே எங்கும் நிம்மதியாக நிற்க முடியாதவர்களுக்கு அந்த ஆட்டக்களம் பெரிய விஷயம். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் களத்துக்குள் பாய்ந்ததில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அந்த வெறுப்பு வெறும் இசை ரசனை சார்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதே சிகாகோவில்தான் சில ஆண்டுகளில், கறுப்பின இளைஞர்களின் கையில், ஹவுஸ் என்ற மின்னணு ஆட்ட இசை பிறந்தது. அதன் வேர்களில் ஒன்று இந்தப் பாட்டு.

மறுபடி கேட்கும்போது ஹெட்ஃபோனில், ஆல்பத்தில் உள்ள முழு வடிவத்தைக் கேளுங்கள். அடியில் ஓடும் கீழ் ஸ்தாயி பேஸ் ஒலி ஒரு காதில் வருவது அப்படியே கண நேரம் பிந்தி மற்றக் காதில் எதிரொலிக்கும். ஒரு காதை மூடிப் பார்த்தால் வேகம் பாதியாகக் குறைந்துவிடும். இரண்டும் சேர்ந்துதான் அந்தக் குதிரை ஓட்டம். அந்த ஓட்டத்தின் சுருதி எங்கே இடம் மாறுகிறது, அப்போது குரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். பிடித்துப்போனால், சான்ஃபிரான்சிஸ்கோவின் இசைக்கலைஞர் பாட்ரிக் கௌலி இதைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டிச் செய்த வடிவம் ஒன்று இருக்கிறது. அதை இரவில் கேளுங்கள்.

அன்புடன்.