கம்ப்யூட்டர் படத்தில் பொருந்திய டிராயர் அலமாரியில் ஏன் இறுகுகிறது?

களியக்காவிளையிலிருந்து ஒரு தச்சரின் கேள்வி: பாறசாலை வீடு ஒன்றில் சுவர்க்குழிக்குள் இரண்டு அறை அலமாரி. ஸ்கெட்ச்அப் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, அந்த அளவுக்கே பிளைவுட் அறுத்தும், ஷட்டருக்குள் (அலமாரிக் கதவுக்குள்) இருக்கும் டிராயர்கள் இறுகுகின்றன. ஷட்டரைத் திறந்தாலும் அதன் ஓரத்தில் இடிக்கின்றன. தவறு எங்கே?

கையில் தவறில்லை, படத்தில் போட்ட பலகைக் கனத்தில்தான். வீட்டுக்காரர் குழி அகலத்தை 1 கோல் 16 விரல் என்று சொல்லியிருக்கிறார். இவை பழைய தச்சு அளவுகள்: கோல் 72 செ.மீ., விரல் 3 செ.மீ. ஆக 1200 எம்எம். (இதை 'நாலடி' என்று எடுத்திருந்தால் 1219 ஆகிப் பெட்டியே உள்ளே போயிருக்காது. பழைய வீடுகளில் கோல் கணக்கை நேராக எம்எம்முக்கு மாற்றுங்கள், இஞ்சு வழியாகப் போக வேண்டாம்.) பூச்சு வளைவுக்கு இடம்விட்டுப் பெட்டியை 1190 என வைத்தது சரி.

அதன் பிறகு பலகையை 18 என்று போட்டுவிட்டீர்கள். கடையில் 18 எனக் கொடுக்கும் பிளை, வெர்னியர் (நுண்ணளவுக் கருவி) வைத்தால் பல நேரம் 17.6தான் வரும். அதன்மேல் இருபக்கமும் 0.8 மைக்கா (மேலே ஒட்டும் மெல்லிய தகடு), பசைக்கு 0.2 சேர்த்தால் ஒரு பலகை 19.4. இரண்டு பக்கப் பலகை, ஒரு நடுப்பலகை: படத்தில் 54, உண்மையில் 58.2. ஆகவே ஒவ்வோர் அறையும் 568 அல்ல, 565.9.

டிராயர் ஓடும் இரும்புத் தடமான டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 12.7 இடைவெளி வேண்டும். படத்துக் கணக்கில் டிராயர் 542.6. அதன் வெளிப்புறத்திலும் மைக்கா ஒட்டியதால் 544.2. மீதி 21.7, அதாவது பக்கத்துக்கு 11க்கும் குறைவு. சேனல் நசுங்கி, உள்ளிருக்கும் குண்டுகள் உருளாமல் நிற்கிறது. அரை நூல் (சுமார் 1.6 எம்எம்) பிசகினாலே இறுகும் இடத்தில் அதற்கும் மேலே போய்விட்டது.

ஷட்டரில் இடிப்பது வேறு சங்கதி. முழுக்க மேலே படியும் ஷட்டர் 90 டிகிரி திறந்தாலும் அதன் ஓரம் திறப்புக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். மூடிய நிலையில் மட்டும் வரைந்தால் இது தெரியவே தெரியாது. கீல் பக்கம் ஒரு பலகைப் பட்டையை பேக்கிங்காக வையுங்கள். 565.9இல் பேக்கிங் 19.4, சேனலுக்குச் சற்றுத் தாராளமாக 26 கழித்தால் 520.5, மைக்கா ஒட்டி முடித்த அளவு 520 என வையுங்கள். அடுத்த முறை ஷட்டரைத் திறந்த நிலையிலும் ஒரு நகல் வரைந்துவிடுங்கள்.

மென்பொருளில் கவனிக்க வேண்டியவை. யூனிட்டை மில்லிமீட்டரில் வைத்து, ஒரு தசமம் வரை காட்டச் சொல்லுங்கள். லெங்த் ஸ்னாப்பிங்கை அணையுங்கள்; அது அளவைத் தானாக முழு எண்ணுக்கு இழுக்கும். அளவுக்கு முன்னால் ~ குறி வந்தால் திரையில் தெரிவது தோராயம், பலகை வேறு அளவில் இருக்கிறது என்று பொருள். அதைத் திருத்தாமல் அறுவைக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பலகையையும் தனிக் கம்போனென்டாக்கி (தனி உறுப்பாக்கி) பெயர் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு ஒன்றை இழுக்க மற்றதும் வரும். ஒரே மாதிரி பலகைகளில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமானால் முதலில் 'மேக் யுனிக்' கொடுக்க வேண்டும். டெஸ்க்டாப் பதிப்பு இருந்தால் ஓபன்கட்லிஸ்ட் என்ற இலவச இணைப்பு அறுவைப் பட்டியலையே தந்துவிடும். பிரவுசரில் ஓடும் இலவசப் பதிப்பில் அது ஓடாது.

பட்டியலில் வாள் தின்னும் அளவாக 4 எம்எம் போடுங்கள். 2440க்கு 1220 பிளைத் தாளில் 610 பட்டை இரண்டு ஒருபோதும் கிடைக்காது, 600 கிடைக்கும். எட்ஜ் பேண்டின் (பலகை ஓரத்தில் ஒட்டும் பட்டையின்) கனத்தை நீங்கள் கழித்தீர்களா, அறுவைக் கடை கழிக்குமா என்று எழுதிக் கொடுங்கள். இருவருமே கழித்தால் ஷட்டர் நடுவில் விரிசலாக நிற்கும்.

இப்போது இருக்கும் டிராயர்களை வீணாக்க வேண்டியதில்லை. பக்கப் பலகைகள் அப்படியே இருக்கட்டும். முன், பின் பலகைகளிலும் அடித்தட்டின் அகலத்திலும் 24 எம்எம் குறைத்து மறுபடி சேருங்கள். கீல் பக்கம் பேக்கிங் அடித்து, சேனலை அதன்மேல் மாற்றுங்கள். பெட்டியைக் குழியிலிருந்து வெளியே எடுக்கவே வேண்டாம்.