மகளை ரேடியோகிராபியில் சேர்க்கலாமா?

அன்புள்ள ஆச்சி,

எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எடுக்கக் கற்றுத்தரும் ரேடியோகிராபி படிப்பில் மகளைச் சேர்க்கலாமா, கதிர்வீச்சு பட்டால் நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது அவளுக்கு என்ன ஆகுமோ என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பயத்துக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

கதிர்வீச்சு இருப்பது எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும். எம்.ஆர்.ஐ. காந்தத்தால் இயங்குவது, அல்ட்ராசவுண்ட் ஒலி அலையால். எக்ஸ்ரே எடுக்கும் நொடியில் டெக்னீஷியன் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்பார். சட்டையில் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கு அனுப்பி, எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்குப் பார்ப்பார்கள். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. ஒழுங்காக நடக்கும் எக்ஸ்ரே அறையில் அதன் பக்கத்தில்கூடப் போகாது. கருவுற்றவர்களுக்கு வரம்பு இன்னும் கடுமை. பேட்ஜ் தராத இடத்தில் மட்டும் மகளை வேலைக்கு விடாதீர்கள்.

"பட்டன் அமுக்குகிற வேலைதானே" என்று உறவில் யாரோ சொன்னார்களாமே, அது எனக்குப் பொறுக்கவில்லை. காரைக்குடியில் ஒருவருக்குத் திடீரென்று ஒரு பக்கம் கைகால் விழுந்துவிடுகிறது என்று வையுங்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா? வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அடைப்பு என்றால் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தக்கசிவு என்றால் அதே மருந்து உயிரை வாங்கிவிடும். உடனே பிரித்துக் காட்டுவது சி.டி. படம்தான். தலை அசைந்து படம் கலங்கினால் டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்?

எம்.ஆர்.ஐ. அறையிலோ, தாலிச் சங்கிலியில் மாட்டிய ஊக்கே ஆபத்து. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும். மனம் நோகாமல் அதைக் கழற்ற வைக்கவும் மகளுக்குத் தெரிய வேண்டும்.

சரி, படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். டிப்ளமோவும் உண்டு, ஆனால் மேலே படிக்க வழியிருப்பதால் பி.எஸ்சி.யே நல்லது என்பேன். இந்தப் படிப்பு படம் எடுக்கத்தான். படத்தைப் பார்த்து நோயை அறிக்கையாக எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட், எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் படித்த டாக்டர். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதியுள்ள டாக்டர்கள்தான். அதனால் "ஆறு மாத ஸ்கேன் கோர்ஸ், அப்புறம் சொந்த சென்டர்" என்று யாராவது ஆசை காட்டினால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கல்லூரிக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா, மாணவர்கள் பழகும் ஆஸ்பத்திரியில் சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் ஓடுகின்றனவா என்று மகளோடு நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.