புகைப்படம் எடுக்கும் ஆர்வம் ஒருவருக்கு முதலில் எப்படி வருகிறது?

கேமரா வாங்கியதால் மட்டும் வருவதில்லை. தினமும் பார்க்கிற ஒன்று படத்தில் வேறு மாதிரி தெரிகிறதே என்று வியக்கிற அன்றுதான் பலருக்கும் அது பிடித்துக்கொள்கிறது.

எங்கள் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்ததும் கேரளாவிலிருந்து கூட்டமாக வந்து படமெடுப்பார்கள். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். சாயங்காலம் ஐந்தரைக்கு அதே வயலில், வெயிலுக்கு எதிரே நின்று எடுத்தால் வெளிச்சம் இதழை ஊடுருவி மஞ்சள் மினுங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் அப்புறம் வெளிச்சத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

ஷட்டர் வேகமும், அதாவது வெளிச்சம் உள்ளே வர கேமரா எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதும், அப்படித்தான். குற்றால அருவியை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்தால் நீர் துளித்துளியாக உறைந்து நிற்கும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து அரை நொடி திறந்தால் வெள்ளைத் துணிபோல வழியும். வெறுங்கண்ணுக்கு இரண்டுமே தெரியாது! பிள்ளைகளுக்கு இதைக் காட்டிப் பாருங்கள், கேமராவைத் திருப்பி வாங்க முடியாது.

விலையும் ஒரு காரணம். 1900இல் கோடாக் ஒரு டாலருக்கு பிரவுனி கேமராவை விற்றபோது சாதாரண மக்களும் படமெடுக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் வந்த 35 மி.மீ. பிலிமில்கூட ஒரு ரோலுக்கு 36 படம்தான், கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று உடனே பார்த்துத் திருத்தலாம், ஆசை ஆறுவதற்குள் அடுத்த படம்.

ஆகவே கையிலிருக்கும் போனே போதும். செங்கோட்டை தாண்டி கேரளப் பக்கம் கழுதுருட்டியில் இருக்கிற பதின்மூன்று கண் ரயில் பாலத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று எடுங்கள்.