நானோ வெள்ளித் திரவம் வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் வந்த புண் ஆறவே மாட்டேன் என்கிறது. கல்ச்சர் டெஸ்டில் (புண்ணிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை), பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத கிருமி என்று வந்திருக்கிறது. ஆன்லைனில் 'நானோ வெள்ளித் திரவம்' விற்கிறார்கள். குடிக்கலாம், புண்ணிலும் தடவலாம், எந்தக் கிருமியும் தப்பாது என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வாங்காதீர்கள் அம்மா. குடிக்க மட்டும் கொடுத்துவிடவே வேண்டாம்.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். நானோ அளவுக்கு, அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்துகளாகப் பொடியாகும்போது அதன் மேற்பரப்பு பல மடங்கு கூடி, வெள்ளி அயனிகள் (மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுக்கள்) நிறைய வெளியேறும். அவை பாக்டீரியாவின் மேலுறை, புரதங்கள் என்று பல இடங்களை ஒன்றாகத் தாக்குவதால், ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியும் ஆய்வகத்தில் செத்துப்போகிறது. அதற்காக, குடித்த வெள்ளி கால் புண்ணுக்குப் போய் வேலை செய்யும் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. தொடர்ந்து குடித்தால் உடம்பில் படிந்து தோல் நீலச் சாம்பல் நிறமாகலாம். அந்த நிறம் பெரும்பாலும் போகாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1999-லேயே, கடையில் நேரடியாக விற்கும் இத்தகைய வெள்ளி மருந்துகளைப் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று ஏற்க முடியாது எனச் சொல்லிவிட்டது.

'எந்தக் கிருமியும் தப்பாது' என்பதும் தவறு. 1970-களில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில், தீக்காயத்துக்குப் போடும் வெள்ளி உப்பான வெள்ளி நைட்ரேட்டுக்கே அடங்காத சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பரவியிருக்கிறது.

மருந்துக்கடையில் கிடைக்கும் நானோ வெள்ளி ஜெல் வேறு சங்கதி. அதன் அட்டையில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், வெள்ளி எத்தனை சதவீதம், வெளிப்பூச்சுக்கு மட்டும் என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். நீங்கள் பார்த்த பாட்டிலில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணை ஆற்றுவதற்கென்று வெள்ளி கலந்த கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. ஆகவே ஜெல்லையும் டாக்டர் எழுதினால் மட்டும் வாங்குங்கள்.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'ஆர்' என்று போட்டவை பலிக்காத மருந்துகள். 'எஸ்' என்று போட்டவை பலிக்க வாய்ப்புள்ளவை. பெரும்பாலும் ஒன்றிரண்டாவது இருக்கும். அதை டாக்டரிடம் காட்டுங்கள். காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, செத்த தசையை அகற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள். பாட்டிலுக்குப் போகும் பணத்தைப் புண்ணில் எடை விழாத செருப்புக்குச் செலவிடலாம். காய்ச்சல் வந்தாலோ விரல் கறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.